லாஃப்டஸில் ஓடும் பழைய டிராம்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிட்னியின் தெற்கே லாஃப்டஸில் இருக்கும் டிராம் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். 1961-இல் நகரில் டிராம் நின்றபோது பல வண்டிகளைத் தீ வைத்தே அழித்தார்கள். தப்பியவற்றைச் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள்.

கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் இறங்கி, மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க வண்டிக் கூரையில் இருக்கும் இரண்டு கம்புகளில் ஒன்றைக் கயிற்றைப் பிடித்து இறக்கிக் கட்டினார். அப்புறம் வண்டி திரும்பிப் போவதற்காக மறுமுனைக் கம்பை ஏற்றி மின்கம்பியில் பொருத்தினார். என் மகள் கண் இமைக்காமல் பார்த்தாள். அந்தக் காலத்து நடத்துநர்கள் ஓடும் வண்டியின் பக்கவாட்டு மிதிபலகையில் நின்றபடியே கட்டணம் வசூலித்தார்களாம். எவ்வளவு ஆபத்தான வேலை!

பட்டறையில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். மரவேலை, மின்வேலை தெரிந்த இளைஞர்கள் மாதம் ஒரு நாளாவது போய்க் கைகொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிட்னி