செயலி காட்டிய எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டர்மாரே

குமரி மாவட்டத்தில் அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர்மாருக்கும் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். போனை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதற்காக எழுதவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போடும் மனக்கணக்கைவிட, மருந்து அளவைக் கணக்கிட்டுத் தரும் போன் செயலி எவ்வளவோ மேல். என் குறை வேறு. கணக்கு டாக்டரின் போனுக்குள்ளேயே பிறந்து அங்கேயே மறைந்துவிடுகிறது. எங்கள் காதுக்கு வருவது கடைசி எண் மட்டும்: "சிஸ்டர், பதினஞ்சு எம்.எல். எடுங்க."

குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்கு முதுகில் கொழுப்புக்கட்டி, எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்தான லிக்னோகெயின், அட்ரினலின் சேராதது, கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றால் உச்சம் 150 மில்லிகிராம். செயலியில் 1 சதவீதம் தேர்வாகி நின்றால் 15 மில்லி என்று காட்டும். அந்தக் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் டிரேயில் இருப்பது 2 சதவீத பாட்டில். ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். பதினைந்து மில்லியும் உள்ளே போனால் 300 மில்லிகிராம், இரண்டு மடங்கு. வாயைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், அப்புறம் வலிப்பு என்று போகலாம். "நூற்றைம்பது மில்லிகிராம், ரெண்டு பெர்சென்ட், ஏழரை எம்.எல்." என்று முழுசாகச் சொன்னால், பாட்டிலைக் கையில் வைத்திருப்பவள் லேபிளைப் பார்த்து ஆமாம் என்பாள், அல்லது நிறுத்துவாள். அதற்குத்தானே நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம்?

தீக்காயத்துக்கும் இதே கதைதான். தீக்காயக்காரருக்கு எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று சொல்லும் பார்க்லண்ட் கணக்குப்படி, முதல் நாள் ஏற்றும் ரிங்கர் லாக்டேட்டில் பாதியை எட்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த எட்டு மணி தீப்பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது, கேஷுவால்டிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. பேச்சிப்பாறை மலையிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வந்தவர் என்பதை நாம் சொல்லாமல் செயலிக்குத் தெரியாது.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்கள் கொண்டுவரும் ரிப்போர்ட். அங்கே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் லிட்டருக்கு 106 மைக்ரோமோல் என்றால் நம் மில்லிகிராம் கணக்கில் 1.2தான், சர்க்கரை லிட்டருக்கு 7 மில்லிமோல் என்றால் 126. அலகு மாற்றாமல் போட்டாலும் சில செயலிகள் சிரித்த முகத்தோடு விடை தரும். 2015இல் வந்த ஓர் ஆய்வு 46 இன்சுலின் அளவுச் செயலிகளைச் சோதித்தது. 67 சதவீதச் செயலிகளில் தவறான அளவு வரும் ஆபத்து இருந்தது. பெரும்பாலானவை எண்ணைத் தப்பாகப் போட்டாலும் தடுக்கவில்லை.

அடுத்தது போட்டோ. தையல் போட்ட இடத்தைக் குளச்சலிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு பஸ் பயணம் மிச்சம், சரி. ஆனால் அது டாக்டரின் கேலரியில் விழுந்து, கூகுள் போட்டோஸில் ஏறி, வீட்டில் பிள்ளை விளையாடும் டேப் வரைக்கும் போகிறது. முகத்தை மறைத்தால் போதாது. கடற்கரை ஊர்களில் கையில் பச்சை குத்திய சிலுவையையும் பெயரையும் பார்த்தே யாரென்று சொல்லிவிடுவார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று. சட்டம் இருக்கட்டும், எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன கஷ்டம்?

கேட்பது அதிகமில்லை. எந்தெந்தச் செயலி என்பதை அவரவர் போன் முடிவு செய்ய வேண்டாம். சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் உட்கார்ந்து நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்பார்த்து, பெயர்களைத் தியேட்டர் சுவரில் ஒட்டட்டும். அப்டேட் வந்தால் மறுபடி ஒத்துப்பார்க்கட்டும். கேஸ் ஷீட்டில் அளவோடு செயலியின் பெயரும், போட்ட எடையும், அலகும் இருக்கட்டும். நோயாளியின் படம் மருத்துவமனைக்குச் சொந்தமான ஒரே போனில் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று, கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்: நர்ஸ் "எத்தனை பெர்சென்ட், சார்?" என்று கேட்டால் முறைக்காதீர்கள்.