ஷெஃபீல்டு விடுதி அறை: வாடகை வித்தியாசத்தையும் துப்புரவுக் கட்டணத்தையும் திருப்பித் தரக் கோரி

சுங்கை சிப்புட், பேராக்
15 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய கோலாலம்பூர் கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது ஏழாவது கடிதம். முதல் ஆறையும் என் மகன் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தான். ஆறுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." இதை நானே தமிழில் எழுதுகிறேன். ஈப்போ கல்விக் கண்காட்சியில் உங்கள் ஆள் எங்களிடம் தமிழில் பேசித்தான் பணம் வாங்கினார்.

என் மகள் 2+1 படிப்பில், அதாவது ரெண்டு வருஷம் இங்கே, ஒரு வருஷம் இங்கிலாந்தில் என்ற படிப்பில், கடைசி ஆண்டுக்காக ஷெஃபீல்டு போனாள். எடுத்தது உங்கள் விடுதியில் சில்வர் என்சூட் அறை, அதாவது தனிக் குளியலறை உள்ள அறை. வாரம் 165 பவுண்டு, 44 வாரம். இங்கிலாந்தில் எங்களுக்கு ஜாமீன் நிற்க ஆள் இல்லை என்று மூன்று தவணையையும் ஒரே தடவையில் கட்டச் சொன்னீர்கள். கட்டினேன். 7,260 பவுண்டு, நம் காசுக்கு நாற்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். இபிஎப் சேமநிதியில் படிப்புக்கென்று எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்து, பற்றாததற்கு மனைவியின் சங்கிலியை அடகுக் கடையில் வைத்துக் கட்டிய பணம் அது.

செப்டம்பர் 14ஆம் தேதி பெட்டியோடு போய் நின்றவளிடம், அறை தயாராகவில்லை, ரெண்டு நாள் பழைய கட்டடத்தில் இரு என்றார்கள். அந்த ரெண்டு நாள் பதினோரு வாரம் ஆனது. ஆறு பேருக்கு ஒரே குளியலறை. அந்த அறைக்கு உங்கள் விலைப் பட்டியலில் வாரம் 120 பவுண்டு என்றுதான் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். 45 பவுண்டு வித்தியாசம், பதினோரு வாரத்துக்கு 495. நவம்பர் 30ஆம் தேதி சொந்த அறைக்கு மாறியதும் பழைய அறைக்குத் துப்புரவுக் கட்டணம் என்று 85 பவுண்டு போட்டிருக்கிறீர்கள். அவளை அங்கே வைத்ததே நீங்கள்தானே! மொத்தம் 580 பவுண்டு. நான் கேட்பது இவ்வளவுதான்.

ஜனவரி 6ஆம் தேதி நடந்ததைச் சொல்லாமல் மேலே எழுத என்னால் முடியவில்லை.

"ரசீதோடு நேரில் வாங்க, அன்றைக்கே முடித்துத் தருகிறோம்" என்று போனில் சொன்னது உங்கள் ஆள்தான். நான் செம்பனைக் குலை லோரி ஓட்டுபவன். குலையை அறுத்த அன்றே ஆலையில் சேர்க்க வேண்டும், வைத்திருந்தால் எண்ணெய் கெட்டுப்போகும். அதனால் எங்களுக்கு லீவு லேசில் கிடைக்காது. வேறு டிரைவருக்குக் கைக்காசில் கூலி கொடுத்துவிட்டு, பசியாறக்கூட இல்லாமல் விடியற்காலை ரயில் ஏறி கோலாலம்பூர் வந்தேன். கீழே ஐ.சி.யை (அடையாள அட்டையை)க் கொடுத்து மேலே வந்தால், கவுண்டரில் இருந்த பெண் தலையையே நிமிர்த்தவில்லை. ரசீதுகளை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டு போயிருந்தேன். அந்த உறையை அவர் ஒரு விரலால் என் பக்கமே தள்ளிவிட்டு, "அங்கிள், இது யூகே விஷயம். உங்களுக்குச் சொன்னா புரியாது. பொண்ணைப் பேசச் சொல்லுங்க" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். மகள் பதினெட்டு தாண்டியவளாம், அவள் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் அப்பாவிடம் பேசக் கூடாதாம். நாற்பதாயிரம் வெள்ளி வாங்கிய அன்றைக்கு எந்தக் கடிதம் கேட்டீர்கள்? பத்தே நிமிடத்தில் திரும்பி, ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். நாற்பது வருஷமாக உழைக்கிறேன், அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை.

ஹீட்டரைப் பற்றி எழுத விட்டுப்போனது. பழைய கட்டடத்து அறையில் அது ஒரு நாளும் சூடானதில்லை. உங்கள் ஆப்பில் நாலு முறை புகார் போட்டாள், நாலும் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டன. நவம்பரில் ஒரு நாள் வீடியோவில் ஹீட்டர் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டி, "ஐஸ் மாதிரி இருக்குப்பா, ஜாக்கெட்டோடதான் படுக்கிறேன்" என்றாள். அவள் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தப் பருவமே அவளுக்கு வீணாகிவிட்டது. அலைந்த செலவு, போன கூலி, அடகு வட்டி எல்லாம் சேர்த்தால் எனக்குப் பத்தாயிரம் வெள்ளி நட்டம்.

உங்கள் இங்கிலாந்து அலுவலகம் காலை ஒன்பதுக்குத் திறக்கும்போது இங்கே மாலை ஐந்து. வேலை முடிந்த களைப்போடு எத்தனை மாலை அந்த இசையைக் கேட்டுக்கொண்டு போனைப் பிடித்திருப்பேன்! அங்கே கேட்டால் கோலாலம்பூர் என்கிறார்கள், கோலாலம்பூரில் கேட்டால் அங்கே என்கிறார்கள்.

ஐயா, எனக்குச் சண்டை பிடிக்க ஆசை இல்லை. உங்கள் விடுதியில் மகள் ஜூலை வரைக்கும் இருந்தாக வேண்டும், தயவு செய்து நல்லபடியாக முடித்துக் கொடுங்கள். பதினான்கு நாளில் பணம் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போடுவேன். 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீலும் வேண்டியதில்லை. அப்புறம் ஒன்று: முன்பணமாக (டெபாசிட்) வாங்கிய 250 பவுண்டை 30 நாளுக்குள் அரசாங்கம் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, அதன் விவரத்தை மகளுக்குத் தர வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் 'அஷூர்டு ஷார்ட்ஹோல்ட் டெனன்சி' (அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட வாடகை ஒப்பந்த வகை) என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள், எனவே இது உங்களுக்கும் பொருந்தும். ஐந்து மாதம் ஆகியும் அவள் கைக்கு ஒரு தாளும் வரவில்லை. போடாமல் விட்டிருந்தால் அந்தத் தொகையைப் போல் மூன்று மடங்கு வரைக்கும் கட்டச் சொல்ல அங்குள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எனக்குப் புரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணிடம் இதையும் காட்டுங்கள். அவர் எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ரசீதுகள், நாலு ஆப் புகார்களின் படங்கள், என் ரயில் டிக்கெட், மகள் கையெழுத்திட்ட கடிதம் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. போன் செய்வதானால் மாலை ஐந்துக்கு மேல் செய்யுங்கள். பகலில் லோரியில் இருப்பேன், எடுக்க முடியாது.

இப்படிக்கு,
மாணவியின் தந்தை