பணகுடிக் காற்றும் பெரிய பைக்குகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாகனப் பக்கத்தில் வந்த பெரிய டூரிங் பைக்குகளின் ஒப்பீட்டைப் படித்தேன். என்ஜின் எத்தனை சி.சி., குதிரைத்திறன் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், ஸ்பீக்கர் எத்தனை என்று எல்லாவற்றையும் கட்டம் போட்டுத் தந்திருந்தார்கள். ஓட்டுகிறவருக்கு முன்னால் காற்றைத் தடுக்க மாட்டுகிற ஃபேரிங்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: 'கம்பீரமான முகப்பு'. விலையோடு 40 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டி ஒருவர் இந்த வண்டிகளை வாங்குவதே அந்த முகப்புக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்து போகத்தான். வழி நெடுகக் காற்றோடு மல்லுக்கட்டுவது அதுதான். அதை ஓரம்கட்டிவிட்டு நாலு வழிச் சாலையில் 80 கி.மீ.க்கு மேல் பைக் போகக் கூடாது என்று சட்டம் உள்ள நாட்டில் குதிரைத்திறனுக்கு மதிப்பெண் போடுவது என்ன கணக்கோ!

நான் வள்ளியூரில் நாலு வழிச் சாலை ஓரமாகப் பட்டறை வைத்திருப்பவன். பிழைப்பு ஸ்ப்ளெண்டரிலும் ஆக்டிவாவிலும்தான் ஓடுகிறது. ஆனால் காஷ்மீரில் கிளம்பி கன்னியாகுமரியில் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். பெட்டி தளர்ந்தது, கிளிப் தெறித்தது, டயர் காற்று இறங்கியது என்று ஹார்லி டேவிட்சனும் ஹோண்டா கோல்டுவிங்கும் என் வாசலில் வந்து நிற்பதுண்டு. வேலை முடிந்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் சாவியைத் தர மாட்டேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஃபேரிங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கள் பக்கச் சாலையைப் போல வேறு இடம் அமையாது. வைகாசி பிறந்தால் ஆவணி வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாக வருகிற காற்று எங்களை ஒரு வழி பண்ணிவிடும். அத்தனை காற்றாலைகளை இங்கே கொண்டுவந்து நட்டதும் அதனால்தான். வள்ளியூரிலிருந்து தெற்கே பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரை அந்தக் காற்று வலப்பக்கமிருந்து குறுக்கே அறையும். காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பி முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று போனால் அதே காற்று முகத்துக்கு நேராக வரும். குறுக்குக் காற்றில் வண்டியின் பிடிமானம் தெரியும், எதிர்காற்றில் ஃபேரிங்கின் மேலே நிற்கிற காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் லட்சணம் தெரியும்.

போன ஆடியில் பெங்களூரிலிருந்து என் அக்கா மகனும் அவன் நண்பரும் வந்திருந்தார்கள். இவனிடம் ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடு, அவரிடம் ரோடு கிளைடு, இரண்டும் 2024 மாடல். ஒரே சேசிஸ், ஒரே 1,923 சி.சி. என்ஜின், ஒரே 12.3 அங்குலத் திரை. ஒன்று 368 கிலோ, மற்றது 380. பெரிய வித்தியாசம் ஒன்றுதான். ஸ்ட்ரீட் கிளைடில் ஃபேரிங், முன்சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிற ஃபோர்க்கில் மாட்டியிருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பினால் விளக்கு, திரை, கண்ணாடி எல்லாம் கூடவே திரும்பும். ரோடு கிளைடில் அது வண்டியின் சட்டமான சேசிஸில் நிற்கிறது. ஹேண்டில் திரும்பினாலும் முகப்பு அசையாது. உங்கள் கட்டுரையாளர் இந்த இரண்டையும் 'தோற்றத்தில் மட்டுமே மாறுபட்டவை' என்று எழுதியதைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன்.

பையன் வந்து இறங்கியதுமே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, "மாமா, திருநெல்வேலி தாண்டுனதுல இருந்து கை ரெண்டும் விட்டுப்போச்சு" என்றான்.

"ஏல, ஹேண்டில இறுக்கிப் புடிச்சா கை வலிக்கத்தாம்ல செய்யும். வாத்தைப் புடிச்ச மாதிரியா புடிப்பாவ? லேசா வை" என்றேன்.

பிறகு நானே இரண்டையும் மாற்றி மாற்றிப் பணகுடிப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். வலது டிராக்கை விட்டுத்தராமல் ஊர்ந்து போகிற டிரெய்லர் லாரி எந்த நாளும் ஒன்று இருக்கும். அதன் இடப்பக்கமாக நுழையும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். அதுவரை காற்றை எதிர்த்து வலப்பக்கம் சாய்ந்து வந்த வண்டி லாரியை நோக்கி இழுக்கும். சமாளித்து நிமிர்த்தி, லாரியின் மூக்கைத் தாண்டியதும் மறுபடி ஒரே அறை. அந்த இடத்தில் ஸ்ட்ரீட் கிளைடின் ஹேண்டில் ஒரு வெட்டு வெட்டியது. காற்று அகலமான அந்த முகப்பைத் தள்ள, முகப்பு ஃபோர்க்கைத் திருப்ப, ஃபோர்க் என் கையைத் திருப்பியது. விழவைக்கும் வெட்டு இல்லை. தோளில் மட்டும் ஒரு பயம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பயந்தவன் இறுக்கிப் பிடிப்பான், இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் இன்னும் கூடும். அதே லாரிக்குப் பக்கத்தில் ரோடு கிளைடை ஓட்டினால் வண்டி முழுதாக ஓரடி இடப்பக்கம் நகர்ந்து கொடுத்தது. ஹேண்டில் மட்டும் தேமே என்று கிடந்தது. ஓரடி நகர்வதும் சின்ன விஷயம் இல்லைதான். ஆனாலும் அதைக் கையால் திருத்தலாம். கையையே உதறுகிற வண்டியை எதால் திருத்துவது?

இதை வைத்து ஸ்ட்ரீட் கிளைடை மட்டம் தட்டவும் முடியாது. வள்ளியூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் ஆட்டோவுக்கும் ஆட்டுக்கும் நடுவே வளைத்துத் திருப்பும்போது, திருப்பின பக்கமே விளக்கும் முகப்பும் வருவதால் கண்ணுக்கு ஒரு தெம்பு இருக்கிறது. ரோடு கிளைடில் ஹேண்டில் ஒரு பக்கம், மூஞ்சி ஒரு பக்கம் என்று நிற்பதால் முதல் தடவை ஓட்டுகிறவருக்கு வண்டி திரும்புகிறதா இல்லையா என்றே குழப்பமாகிவிடும். ஆனால் ஃபோர்க் மேல் அத்தனை கனம் இல்லாததால் ஹேண்டில் லேசாக இருக்கும். ஒருமுறை பழகிவிட்டால் கைக்கு இதுதான் சுகம்.

இந்த வழக்கு பழசு. ஹார்லி தன் வௌவால் சிறகு வடிவ ஃபேரிங்கை 1969-இல் ஃபோர்க்கில் மாட்டிக் கொண்டுவந்தது. அதே நிறுவனம்தான் 1980-இல் டூர் கிளைடில் சேசிஸில் நிற்கும் ஃபேரிங்கை வைத்தது. அந்தப் பரம்பரையில் 1998-இல் வந்தது ரோடு கிளைடு. அதற்கு முன்பே 1976-இல் பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். வண்டிக்குக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழு ஃபேரிங்கை சேசிஸில் பொருத்திவிட்டது. ஹோண்டா கோல்டுவிங் 1975-இல் விற்பனைக்கு வந்தபோது அதில் ஃபேரிங்கே கிடையாது. அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் என்பவர் செய்து விற்ற 'விண்ட்ஜாமர்' ஃபேரிங்கை ஆட்கள் காசு கொடுத்து வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். 1980-இல்தான் ஹோண்டா தானே ஃபேரிங் போட்ட இன்டர்ஸ்டேட்டைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளன் முதலில் கேட்டது காற்றுத் தடுப்பைத்தான்.

இனி எதிர்காற்று. கண்ணாடி எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் பக்கம் ஆடி மாதம் ஓட்டிப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். உயரக் கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்த இடத்தை நிரப்ப மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று சுழன்று உள்ளே விழும், ஹெல்மெட் கடகடவென்று ஆடும். 2014-இல் ஹார்லி தன் வௌவால் ஃபேரிங்கில் கண்ணாடிக்கு அடியில் திறந்து மூடுகிற ஒரு காற்றுவழி வைத்தது இந்த நோய்க்குத்தான். கீழிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் சுழல் அடங்கிவிடும். மழையில் கண்ணாடியின் ஊடாகப் பார்த்து ஓட்டுவதும் ஆபத்து, அதற்கு வைப்பர் கிடையாது. கண்ணாடியின் மேல்விளிம்பு மூக்கு மட்டத்துக்கு இருந்து அதற்கு மேலாகச் சாலையைப் பார்ப்பதே சரி. ஐந்தடி நாலு அங்குலம் உள்ளவனுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே கண்ணாடி எப்படிப் பொருந்தும்? கோல்டுவிங் டூரில் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறி இறங்குகிறதே, அதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கோல்டுவிங்கைப் பற்றி இன்னொன்று. 2018 மாடலிலிருந்து அதில் வழக்கமான ஃபோர்க் கிடையாது. காருக்கு இருப்பது போல முன்சக்கரத்தைத் தாங்குகிற இரட்டை விஷ்போன் கைகள். பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டிலுக்கு முன்னால் இணைப்புக் கம்பிகள் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. ஆறு சிலிண்டரும் படுத்த வாக்கில் தாழ இருப்பதால், வண்டி நகர ஆரம்பித்துவிட்டால் அத்தனை கனமும் எங்கே போனது என்றே தெரியாது. ஆனால் அதே ஆண்டில் ஃபேரிங்கை ஒடுக்கிவிட்டார்கள், பழைய வண்டி வைத்திருந்தவர்களுக்கு அதில் மனக்குறைதான். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் எனக்கு அந்தக் குறை தோன்றவில்லை. குளிர் நாட்டுக்காரன் கேட்கிற மறைப்பு முழுவதும் நமக்கு வேண்டியதில்லை. ஹார்லியில் முழங்காலுக்கு முன்னால் வைக்கிற கீழ் ஃபேரிங்கை மே மாதத்தில் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களே விவரமானவர்கள்.

ஆகவே அடுத்த முறை ஒப்பீடு போடும்போது ஃபேரிங் ஃபோர்க்கிலா சேசிஸிலா, குறுக்குக் காற்றில் ஹேண்டில் என்ன செய்தது, பின்னால் ஆளும் பெட்டியும் ஏற்றினால் என்ன ஆனது, ஓட்டியவரின் உயரம் எவ்வளவு என்பதையும் தயவுசெய்து எழுதச் சொல்லுங்கள். பின்பெட்டியில் கனத்தை அடைத்து, டயர் காற்றையும் பார்க்காமல், ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்கான கோன் செட் லூசாக இருக்கிற வண்டியை ஓட்டிவிட்டு ஃபேரிங்கைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. அதனால் சோதனைக்கு முன்னால் அவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் நிருபர் ஆடியில் இந்தப் பக்கம் வந்தால் வள்ளியூரில் நிறுத்தி டயரைச் சரிபார்த்துக்கொண்டு பணகுடிக்குப் போகலாம். பஞ்சருக்குத்தான் காசு, காற்றுக்கு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பட்டறைக்காரர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.