நீச்சல் குளத்தின் தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். பெரும்பாக்கத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் இப்போது எதிர்கொண்டிருக்கும் சிக்கல் நாளை பிற சங்கங்களுக்கும் வரக்கூடியது என்பதால் இதை எழுதுகிறேன். நீச்சல் குளத்தைப் புதுப்பிக்கும் பணி ஆணையில் வெளிர்நீலக் கண்ணாடி மொசைக் என்று குறியீட்டு எண்ணோடு எழுதியிருந்தும், ஒப்பந்ததாரர் கருநீல மொசைக்கைப் பதித்து, இடைவெளிகளை அடைக்கும் கிரவுட்டும் பூசி முடித்துவிட்டார். அதைக் கொத்தி எடுத்து மறுபடி பதிக்கச் சொல்வதா, பில்லில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுவதா என்பதை வரும் பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும்.

விட்டுவிடலாம் என்பவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கொத்தும்போது அடியில் இருக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு சேதமாகும். அதையும் புதிதாக அடித்து, தண்ணீர் தேக்கிக் கசிவு பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட முடியும். 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் சராசரியாக 1.2 மீட்டர் ஆழமும் உள்ள எங்கள் குளம் 86,000 லிட்டருக்குச் சற்று அதிகமாகவே கொள்ளும், அதாவது 12,000 லிட்டர் லாரியில் ஏழு நடைக்கு மேல். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடக்கும் ஊரில் இந்தக் கணக்கைச் சொல்பவரைக் கோபித்துக்கொள்ள முடியாது.

எங்கள் குடியிருப்பிலேயே வசிக்கும் வழக்கறிஞர் ஒருவர், 1995இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அளித்த ‘ருக்ஸ்லி எலக்ட்ரானிக்ஸ் எதிர் ஃபோர்சித்’ தீர்ப்பையும் எடுத்துக்காட்டினார். 7 அடி 6 அங்குல ஆழத்தில் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்ட குளம், குதிக்கும் இடத்தில் 6 அடி ஆழமே இருந்தது. இடித்துக் கட்ட 21,560 பவுண்டு வேண்டும் என்று கேட்ட உரிமையாளருக்குக் கடைசியில் கிடைத்தது 2,500 பவுண்டு. கிடைக்கும் பயனுக்குப் பொருந்தாத செலவில் இடித்துக் கட்டுவது நியாயமாகாது என்பது அங்கே எடுக்கப்பட்ட நிலை. இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதில் உள்ள நியாயத்தை நான் ஏற்கிறேன். வெளிர்நீலத்துக்குப் பதில் வெளிர்பச்சை பதித்திருந்தால், பில்லில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு குளிக்கப் போகலாம் என்றே நானும் வாக்களித்திருப்பேன்.

ஆனால் அந்த வழக்கில், ஆழம் குறைந்திருந்தாலும் குளம் குதிப்பதற்குப் பாதுகாப்பானதே என்று விசாரணை நீதிபதி முதலிலேயே கண்டறிந்திருந்தார். எங்கள் குளத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா என்பதுதான் என் ஐயம். கருநீல மொசைக் பதித்தபின் மறுபடி கசிவு பார்ப்பதற்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தபோது, எங்கள் நீச்சல் பயிற்சியாளர் ஒரு மாலை ஆறு மணியளவில் அடர்நீலப் பள்ளிக் கால்சட்டை ஒன்றில் கல்லைக் கட்டி ஐந்தடி ஆழத்தில் இறக்கினார். சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எதிர்க்கட்டடத்தின் பால்கனிகளும் வானமும்தான் தண்ணீரில் தெரிந்தன.

தண்ணீர் நிரப்பினால் எந்த டைல்ஸும் நீலமாகத்தான் தெரியும் என்று ஒப்பந்ததாரர் சொல்வது பாதி உண்மை. சிவப்பு ஒளியை நீர் கூடுதலாக உறிஞ்சுவதால் வெள்ளைத் தரைகூட ஆழத்தில் நீலம் காட்டும். அது வெளிர்நிறத் தரைக்குப் பொருந்தும் கதை. கருநீலத் தரையோ தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால், கீழே இருப்பதைவிட மேற்பரப்பின் பிரதிபலிப்பே கண்ணுக்கு ஓங்கித் தெரிகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொது நீச்சல் குளங்களுக்காக வெளியிட்டுள்ள மாதிரி விதித்தொகுப்பு, நீர்மட்டத்துக்குக் கீழே தரையும் சுவரும் வெள்ளையாகவோ வெளிர்நிறமாகவோ இருக்க வேண்டும் என்று கேட்பது அழகுக்காக அல்ல. அழுக்கும் பாசியும் விரிசலும் தெரிய வேண்டும் என்பதற்காக. மூழ்கிய குழந்தை தெரிய வேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. (வெளிர்நீலத் தரையில் வெளிர்நீல நீச்சலுடையும் மறைந்துபோகும் என்பதையும், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறமே குழந்தைகளுக்கு நல்லது என்பதையும் பெற்றோர் கவனத்துக்குச் சொல்லி வைக்கிறேன்.)

ஆகவே முழுவதையும் மாற்றிப் பதிக்க வேண்டும், அந்தச் செலவை ஒப்பந்ததாரரே ஏற்க வேண்டும் என்பது என் நிலை. தரையை மட்டும் மாற்றலாம் என்ற சமரச யோசனையும் வந்திருக்கிறது. தரையும் சுவரும் சேரும் மூலையில் பழைய பூச்சையும் புதிய பூச்சையும் ஒட்டவைத்தால் கசிவு அங்கேதான் தொடங்கும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தண்ணீரை வீணாக்கவும் வேண்டாம். குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டு, குளோரின் இறங்கிவிட்டதைச் சோதித்துப் பார்த்தபின் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம்.

இந்த வேலையில் இறங்கவிருக்கும் சங்கங்களுக்கு ஒன்று: மொசைக்கின் மாதிரி ஷீட்டை உலர்ந்த நிலையில் பார்த்து முடிவு செய்யாமல், தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்த பிறகே இரு தரப்பும் அதன் பின்புறம் கையெழுத்திடுங்கள். வந்திறங்கும் பெட்டிகளை அந்த ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முன்பு மேஸ்திரியைப் பசை கலக்க விடாதீர்கள். கடைசித் தவணையையும் அதுவரை கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்க உறுப்பினர் ஒருவர்,
பெரும்பாக்கம், சென்னை.