பெயர் அறியாத அக்காவுக்கு நன்றி

பொறியியல் சேர்க்கைக்காக ஈரோட்டுச் சேவை மையத்தில் காத்திருந்தபோது, எங்களைக் கேட்பதற்கு முன்பே "உனக்கு எது புடிச்சிருக்கு அம்மணி?" என்று என் மகளிடம் கேட்ட அக்காவுக்கு, பெயர் அறியாமலே நன்றி கூறுகிறேன். கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு, முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்த மதிப்பெண்ணோடு இடங்கள் நிரம்பின என்பதை மடியில் வைத்த தாளில் பென்சிலால் எழுதிக் காட்டினீர்கள். இடம் ஒதுக்கும்போது நாம் தரும் கல்லூரி விருப்பப் பட்டியல் மேலிருந்து கீழாகவே பார்க்கப்படும் என்பதால், கிடைக்குமோ என்று அஞ்சாமல் மிகவும் விரும்புவதையே முதலில் வைக்கச் சொன்னீர்கள். அதைவிடப் பயனுள்ள அறிவுரையை எவரும் எங்களுக்குத் தரவில்லை. பவானியிலிருந்து போய்வரும் தூரத்திலேயே தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு, 1952-இல் தொடங்கப்பட்ட காரைக்குடி அழகப்பா அரசு பொறியியல் கல்லூரியை எடுத்துச் சொன்னவரும் நீங்களே. அவள் இப்போது அங்கேதான் இயந்திரப் பொறியியல் படிக்கிறாள்.