ஆமை அறுக்கத் துணை வந்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, பெரியவர்களே,

ஆய்வேட்டை ஒப்படைத்தாயிற்று. அதன் முதல் பக்கங்களில் வழக்கப்படி நன்றியுரை இருக்கிறது. நெறியாளர், துறைத் தலைவர், உதவித்தொகை தந்தவர்கள் என்று எல்லாரும் வரிசையாக ஆங்கிலத்தில் நிற்கிறார்கள். அந்த வகை நன்றியுரையில் குப்பத்துக்காரர்களுக்குக் கிடைப்பது ‘உள்ளூர் மக்கள்’ என்ற இரண்டு சொற்கள்தான். அது எனக்குப் போதவில்லை, அதனால் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். ஆமை விவகாரத்தில் பெயர் வெளியே வந்தால் நாளைக்கு யார் வந்து என்ன கேட்பார்களோ என்ற அச்சம் நியாயமானது. ஒருவர் பெயரையும் போடவில்லை.

மற்றவர்களுக்காக என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. தை, மாசி மாதங்களில் முட்டையிட நம் சென்னைக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளில் பல, செத்துத்தான் கரை ஒதுங்குகின்றன. அவற்றை அளந்து, அறுத்து, எதைத் தின்றன, எப்படிச் செத்தன என்று பார்ப்பதே என் ஆய்வு. குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில் கைப்பேசியோடு ஒரு கூட்டமே வந்து நிற்கும். நாலு நாள் வெயிலில் கிடந்து ஊதிய ஆமையைப் புரட்டிப் போட ஆள் தேடினால் கடற்கரை காலியாகிவிடும். அப்போதும் போகாமல் நின்றவர்களுக்கே இந்த நன்றி.

முதலில் கால்நடை மருத்துவர் ஐயாவுக்கு. ஆமையை முதுகோட்டுப் பக்கமிருந்து திறக்கவே முடியாது, மல்லாக்கப் போட்டு அடியோட்டின் விளிம்பைச் சுற்றி அறுத்துத் தூக்க வேண்டும் என்று கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நுரையீரல் முதுகோட்டின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும். மூச்சுக்குழாயைக் கீறினால் சில ஆமைகளில் இரத்தம் கலந்த நுரை வரும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, உள்ளே அந்த நுரையும் இருந்தால், மூச்சு முட்டிச் செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆமைக்குச் செவுள் கிடையாது, காற்றுக்கு அது மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு அடியில் இழுத்துப் போகும் வலையான இழுவை மடிக்குள் சிக்கிக் கீழேயே இழுபட்டால் அதனால் என்ன செய்ய முடியும்? ‘அதிக அழுகல் என்றால் காரணம் தெரியவில்லை என்றே எழுது, ஊகத்தை எழுதாதே’ என்று அவர் சொன்னதைக் கடைசிவரை கடைப்பிடித்தேன். என் அட்டவணையில் ‘தெரியவில்லை’ என்ற கட்டம்தான் பெரிதாக இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அடுத்தது மீன் விற்கும் அக்காவுக்கு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரைப்பையிலிருந்து எடுத்ததைச் சல்லடையில் கழுவி, தட்டுகளில் பரப்பிக் காயவைத்திருந்தேன். நண்டின் கொடுக்குத் துண்டுகள், நத்தை ஓட்டின் மூடிகள், எதுவென்றே தெரியாத சிவப்புச் சில்லுகள். கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்த அக்கா, கேட்காமலே உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினார். இது முக்கண் நண்டு. இது சிலுவை நண்டு. இதை எறிந்துவிடு, கல். ஒவ்வொரு துண்டையும் விரல் நுனியில் ஒரு முறை புரட்டுவார், அவ்வளவுதான். ஒரு கொடுக்கின் உட்புறத்தில் இருந்த முள்வரிசையை நகத்தால் தடவிக் காட்டி, ‘இது இல்லாவிட்டால் வேறு நண்டு’ என்றார். அன்று இரவு வகைப்பாட்டு நூலை விரித்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நூலும் அதே முள்ளைத்தான் அடையாளமாகச் சொல்லியிருந்தது, ஆறு வரி லத்தீன் கலந்து. எந்த நண்டு சேற்றில் கிடக்கும், எது மணலில், எது எவ்வளவு ஆழத்து வலையில் வரும் என்பதையும் அவரே சொன்னார். ஆமை கடைசியாக எங்கே மேய்ந்தது என்று நான் எழுதியிருக்கும் அத்தியாயம் அந்தக் கூடைக்குப் பக்கத்தில்தான் ஆரம்பித்தது. அக்கா, அன்று உங்கள் வியாபாரம் பாதி கெட்டது. பேராசிரியர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்கள்.

வலை பின்னும் பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, நன்றி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கோபம் வரும். ஆமை பெசன்ட் நகரில் ஒதுங்கினால் அது பெசன்ட் நகருக்கு நேரே செத்தது என்று நகரத்தில் எல்லாரும் நினைக்கிறார்கள். செய்தியிலும் அப்படியே வருகிறது. வடக்கிலிருந்து தெற்கே வன்னி ஓடுகிறதா, தெற்கிலிருந்து வடக்கே தெண்டி ஓடுகிறதா, காற்று வாடையா கொண்டலா என்று பார்க்காமல் அதைச் சொல்லவே முடியாது. பெரியவர் காலையில் நீரின் நிறத்தையும் நுரை போகும் திசையையும் பார்த்துச் சொல்வதை என் நோட்டில் நாள்வாரியாகக் குறித்துவந்தேன். ஆமை அழுகிய நிலையையும் அந்தக் குறிப்பையும் சேர்த்து வைத்தால், அது எந்தப் பக்கத்திலிருந்து மிதந்து வந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நீரோட்டத்தைக் கணினியிலும் கணக்கிட்டுப் பார்த்தேன். பெரியவரிடம் காட்டியபோது, ‘இவ்வளவு செலவா?’ என்று மட்டும் கேட்டார்.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் நன்றிக் கணக்கில்தான் வருகிறது. இந்தியக் கரைகளை நடந்தே அளந்த ஆமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர், 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் பருவமழைக் காலம் முழுக்கத் தனியாகத் தங்கினார். படகு வராது, தபால் போகாது. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் சிக்க, அவர் அதைத் தன் கடிதத்தோடு சேர்த்துத் தபாலில் அனுப்பிவைத்தார். இந்தக் கதையில் எல்லாரும் ஆய்வாளரின் துணிச்சலை வியப்பார்கள். எனக்கென்னவோ, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காகத் தபால் செலவு செய்த அந்த மீனவர்தான் நினைவில் நிற்கிறார். இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் நடந்துவருகிறது.

ஆனால் வசவு மட்டும் மீனவர்களுக்கு. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நல்லது. ஆனால் அந்த வாரங்களில் ஃபைபர் படகுக்காரர்களும் கரைவலைக்காரர்களும் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவை மடி போடக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த ஐந்து மைலுக்குள்தான் ஆமைகள் கூடுகின்றன, சின்னப் படகுகளும் அங்கேதான் தொழில் செய்கின்றன. விதி மீறப்பட்டால் இரண்டுக்கும் அடி. கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. முட்டையிடும் பருவம் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் சின்னப் படகுகளின் செவுள் வலையில் ஆமை மாட்டுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாட்டுகிறது. அப்படி மாட்டியதை வலையை அறுத்து விடுவித்துவிட்டு, வலை நட்டத்தை யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குப் போனவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த அண்ணன்மார்களுக்கு என் வணக்கம்.

விசைப்படகில் வேலை செய்யும் இரண்டு பேரும் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்கள். அவர்களுக்கும் நன்றி சொல்லாமல் விட்டால் தவறு. வலைக்குள் புகுந்த ஆமையை வெளியே விடும் ஆமை விலக்குக் கருவியைப் போட்டால் இறால் போய்விடும் என்பது அவர்கள் பயம். அந்தக் கருவிக்கு மூலம் ஒரு மீனவர்தான் என்று நான் சொன்னபோது நம்பவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இறால் பிடித்துவந்த சிங்கி பூன் என்பவர், 1960களில், வலையை அடைத்துக்கொள்ளும் ஜெல்லி மீன்களை, அதாவது நம் சொறிமீன்களை, வெளியே தள்ளுவதற்காக வலைக்குள் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினார். ஆமை விலக்குக் கருவி அதிலிருந்து வளர்ந்ததுதான். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கேற்ற வடிவம் ஒன்றைச் செய்திருக்கிறது. ‘அவரும் சொறிமீனால்தான் அவதிப்பட்டாரா?’ என்று கேட்டுவிட்டு ஒருவர் சிரித்தார். கருவி மீதான எதிர்ப்பு அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதன்பிறகு பேச்சு வேறு மாதிரி போனது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், செத்த ஆமையைத் தொடவும் அனுமதி வேண்டும். விடிகாலையில் அழைத்தாலும் எரிச்சல்படாமல் வந்து நின்ற வனக்காவலர்களுக்கு நன்றி. கணக்கெடுத்த ஆமையை மறுபடி எண்ணிவிடாமலிருக்க முதுகோட்டில் பெயின்ட் அடித்துவைத்த பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றி. அடித்த நிறங்களை என்னைக் கேட்காமல் நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள், பரவாயில்லை. 1988 முதல் ஒவ்வொரு பருவத்திலும் இரவு முழுக்கக் கரையில் நடந்து கூடு தேடும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்களுக்குச் சென்னையே கடன்பட்டிருக்கிறது, நான் தனியாக என்ன சொல்ல? குஞ்சு பொரியும் வாரங்களில் கரையோர விளக்கை அணைத்துவைத்த மின்பணியாளருக்கும், காசு வாங்காமல் பனிக்கட்டி தந்த ஐஸ் கடைக்காரருக்கும், வேறு எந்த வண்டியும் ஏற்றாத என் ஃபார்மலின் டப்பாக்களை மீன் கூடைகளோடு ஏற்றிக்கொண்ட ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. வீட்டு வாசலில் சோப்பும் வாளியும் வைத்து, குளிக்காமல் உள்ளே விடாத அம்மாவுக்கும்.

ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்திருக்கிறேன். நண்டுப் பட்டியலில் அக்கா சொன்ன பெயர்கள் முதலிலும் லத்தீன் பெயர்கள் பின்னாலும் இருக்கும். நீரோட்டக் குறிப்புகளின் நகல் பெரியவருக்கென்று தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு ஏலம் முடிந்ததும் வலைக்கூடத்தில் எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறேன். எழுதியதில் ஏதாவது பொருந்தவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள், இதழுக்கு அனுப்புவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. விசைப்படகு அண்ணன்மாரும் வர வேண்டும். டீ என் செலவு.

அன்புடன்,
உங்கள் ஆமைக்காரப் பெண்