அவெனிதா தெல் லிபெர்தாதோர், எண் 1850: ஒரு நன்றி மடல்

புவனோஸ் ஐரிஸ் நகரில் இம்முகவரியில் உள்ள அர்ஜென்டினா ஆட்டோமொபைல் கிளப்பின் தலைமையகத்தையும் அதிலுள்ள பழைய கார் அருங்காட்சியகத்தையும் நான் நிதானமாகப் பார்த்து, அவற்றைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதத் துணைநின்ற அனைவருக்கும் பணிவான வணக்கம். உங்களில் எவருக்கும் தமிழ் தெரியாது என்பதை அறிவேன். மொழிபெயர்ப்பாளராக உடன்வந்த மாணவிக்கு இம்மடலின் சாரத்தை ஆங்கிலத்தில் அனுப்பியிருக்கிறேன். அதை ஸ்பானிய மொழியில் உங்களிடம் சொல்லிவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்காக அவருக்கும் என் நன்றி.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மையாருக்கு முதலில் கடமைப்பட்டிருக்கிறேன். உறுப்பினர் அட்டையோ பரிந்துரைக் கடிதமோ இல்லாமல் வந்து நின்ற அயல்நாட்டவனை உட்காரவைத்து, யாரிடம் அனுமதி கேட்க வேண்டுமோ அவரிடம் தாமே பேசி வாங்கித் தந்தார்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளரான பெரியவர், உள்ளே நுழையுமுன் என்னைச் சாலையின் எதிர்ப்புறத்துக்கு அழைத்துச் சென்று, முகப்பை முழுதாகப் பார்க்க வைத்தார். 1904இல் தொடங்கப்பட்ட கிளப், 1936இல் அரசு எண்ணெய் நிறுவனமான ஒய்.பி.எஃப். உடன் ஒப்பந்தம் செய்துகொண்டதையும், அதன்பின் நாடெங்கும் நெடுஞ்சாலையோரங்களில் பொறியாளர் அந்தோனியோ விலார் வடிவமைத்த பெட்ரோல் பங்க்குகள் எழுந்ததையும், அதே விலார் வேறு பல கட்டடக் கலைஞர்களுடன் சேர்ந்து உருவாக்கிய இந்தத் தலைமையகம் 1943இல் திறக்கப்பட்டதையும் அவர் வரிசையாகச் சொன்ன பிறகே, அலங்காரம் ஏதுமற்ற அந்தச் சுவர்களின் பொருள் எனக்கு விளங்கியது. செல்வந்தர்கள் கூடிப் பேசும் மாளிகையாக அன்றி, சாலையோரத்துப் பெட்ரோல் பங்க்குகளுக்கு மூத்த அண்ணனாகவே இக்கட்டடம் எனக்குத் தோன்றுகிறது. பெரியவர் இதை முழுதாக ஏற்கவில்லை. கிளப்பின் பெருமிதமும் அதில் கலந்திருக்கிறது என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

அருங்காட்சியகத்தில் வண்டிகளைப் பராமரிப்பவருக்குச் சொல்ல வேண்டிய நன்றி தனி. பித்தளை விளக்கைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அவர் பேசவே தொடங்கினார். கம்பி போட்டுச் சுற்றிக் கிளப்பும் பழைய வண்டி ஒன்றின் முன்னால் குனிந்து, கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக் கம்பியைப் பிடிக்கும் முறையைச் செய்து காட்டினார். கட்டைவிரலைக் கம்பியின் மறுபக்கமாக வளைத்துப் பிடித்திருக்கும்போது எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் அது முறிந்துவிடுமாம். மரத்தாலான ஆரக்கால்களையும், ரப்பர் பந்து வெடித்துப்போன ஹாரனையும் அவர் காட்டிய பொறுமை எந்த விளக்கப் பலகையிலும் கிடைக்காதது.

அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற கார் பந்தய வீரர் ஃபாஞ்சியோவைப் பற்றிக் கேட்டவுடன் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்ட அலுவலக நண்பர்களையும் மறக்க இயலாது. 1940இல் புவனோஸ் ஐரிஸிலிருந்து பெருவின் தலைநகர் லிமா சென்று திரும்பிய நெடும்பந்தயத்தை அவர் செவர்லே காரில் வென்றதையும், 1949இல் இந்தக் கிளப்பின் ஆதரவுடன் ஐரோப்பா சென்று மசெராட்டியில் சான் ரெமோ பந்தயத்தை வென்றதையும் நேற்று நடந்தவை போல விவரித்தார்கள். அவர் பின்னர் பெற்ற ஐந்து உலகப் பட்டங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவை உலகறிந்தவை என்று கையசைத்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்ட புகைப்படங்களின் பிரதிகளைத் தலைமையக முகவரிக்கே அஞ்சலில் அனுப்பியுள்ளேன். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் உள்ள ஸ்பானியக் குறிப்புகள் அம்மாணவி எழுதியவை. எந்தப் படத்திலாவது வண்டியின் பெயர் மாறியிருந்தால் அவரிடமே தெரிவிக்க வேண்டுகிறேன்; கட்டுரை அச்சுக்குப் போகுமுன் திருத்திக்கொள்வேன்.

நன்றியுடன்,
கட்டுரையாளர்